கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்களா? வாசகர் கேள்வி–பதில்

பழைய ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றி வந்த கடிதங்களில் வட சென்னைக் கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். காரணம் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகிற வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகிக்கொண்டே இருக்கும். ஆறுவதற்குக் காற்று கிடைக்காது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையோரம் நிற்கிற வண்டிகளில் உப்புக் காற்று ஒயர் முனைகளையும் இரும்புக் குழாய்களையும் அரிக்கும். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர் வேறு. இங்கே வருகிற கோளாறுகளில் பல, பாக்ஸுக்கு வெளியே தொடங்குகிறவை.

2008 ஹோண்டா சிவிக் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் முதல் தடவை டி-யில் (டிரைவ்) போட்டால் இரண்டு மூன்று விநாடி ஒன்றுமே நடப்பதில்லை, அப்புறம் ‘டொக்’கென்று பிடிக்கிறது. மேம்பாலம் ஏறும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகிற நேரத்தில் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. கியர்பாக்ஸ் ஆயில் ஒரு தடவைகூட மாற்றியதில்லை. பாக்ஸை இறக்கியே ஆகணும் என்கிறார் மெக்கானிக். – வாசகர், ராயபுரம்

மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவர் பார்த்திருக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவை எதையும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை.

ஆட்டோமேட்டிக் பாக்ஸில் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் உள்வழிகளில் இருந்த ஆயில் கீழே வடிந்திருக்கும். காலையில் பம்ப் சுழன்று அந்த வழிகளை நிரப்பிய பிறகே கிளட்ச் பிடிக்கும். ஆயில் குறைவாக இருந்தாலும், உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வயதாகி விறைத்துப்போயிருந்தாலும் நிரம்ப நேரமாகும். அதுதான் உங்கள் இரண்டு மூன்று விநாடி. நல்ல பாக்ஸ் என்றால் ஒன்றரை விநாடிக்குள் பிடித்துவிட வேண்டும். மேம்பாலத்தில் வரும் உறுமல் வேறு விதம். இரண்டாம் கியரின் கிளட்ச் விட்டுவிட்டது, மூன்றாவதன் கிளட்ச் இன்னும் பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில் இன்ஜின் சும்மா சுழல்கிறது. இதற்குக் காரணம் ஆயிலாக இருக்கலாம், ஆயில் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டாக இருக்கலாம், தேய்ந்த தட்டாகவும் இருக்கலாம். முதல் இரண்டுக்கும் பாக்ஸை இறக்க வேண்டாம்.

அளவு பார்ப்பதில் இருந்து தொடங்குங்கள். சமமான தரையில் நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடும் வரை இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். அணைத்த பிறகு 60 விநாடி பொறுத்து, 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். ஹோண்டாவில் இன்ஜின் அணைந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். டொயோட்டாவிலும் ஹூண்டாயிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் அளவு பார்த்து, குறைகிறது என்று லிட்டர் கணக்கில் கூடுதலாக ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. அளவு மீறினால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் கிடையாது. வண்டி மேலும் ஸ்லிப் ஆகும், அதாவது இன்ஜின் சுழன்றும் இழுக்காது.

குறைவாக இருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். ஆக்ஸில் நுழையும் இரண்டு பக்கத்து சீல்கள், ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸ்களின் கிளாம்ப், இன்ஜினும் பாக்ஸும் சேரும் இணைப்பின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். ராயபுரத்தில் நிற்கிற வண்டியில் கூலரின் இரும்புக் குழாயைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். துருப் பொருக்குக்கு அடியில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும், வண்டி ஓடும்போது மட்டும் கசியும்.

அடுத்து ஆயிலின் முகம். வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பாகப் பரவினால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. நடுவில் கறுப்பாகத் திட்டு நின்று, சுற்றிலும் பரவாமல், தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் அதுவே சாட்சி.

பழுப்புதான், தீய்ந்த வாடை இல்லை என்றால் ஆயிலை மாற்றுங்கள். சிவிக்கின் பாக்ஸில் வடிகால் போல்ட்டின் தலையில் 3/8 அங்குலச் சதுரக் குழி இருக்கும். ராட்செட்டின் முனையே நேராகப் பொருந்தும், சாக்கெட் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ஆயில் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். வடித்ததை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். அளவு சரியாக இருந்த வண்டியில் சுமார் 2.4 லிட்டர் வரும். அலுமினிய வாஷர் புதிதாகப் போட்டு, 49 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.

போல்ட்டைக் கையில் எடுத்ததும் துடைத்துவிடாதீர்கள். அதன் நுனியில் காந்தம் இருக்கிறது. அதில் கண் மை போல வழவழவென்று சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் கவலை இல்லை. அத்தனை வருட ஓட்டத்தின் இயல்பான தேய்மானம். முள் முள்ளாக இரும்புச் சிம்புகள் நிமிர்ந்து நின்றால் பல்சக்கரமோ பேரிங்கோ போகிறது. இந்தக் காந்தத்தைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வடிக்கும்போது ஒப்பிடலாம்.

ஊற்ற வேண்டியது ஹோண்டாவின் டிடபிள்யூ-1. உங்கள் கையேட்டில் இசட்-1 என்று இருக்கும். அதற்குப் பதிலாக வந்ததுதான் இது. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் ஆயில் வேண்டாம். தட்டுகள் எவ்வளவு வழுக்கி, எந்தக் கணத்தில் பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானம்தான்.

ஆயில் மாற்றியும் உறுமல் நிற்கவில்லையா? இந்தப் பாக்ஸில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டுகளும் ஆயில் அழுத்த ஸ்விட்சுகளும் வெளிப்பக்கத்திலேயே திருகியிருக்கின்றன. டேஷ்போர்டில் டி விளக்கு மினுக்குகிறதா என்று கவனியுங்கள். மினுக்கினால் வண்டியின் கணினியில் கோளாறுக் குறியீடு (கோடு) பதிந்திருக்கிறது. சோலனாய்டைக் கழற்றினால் கேஸ்கெட்டில் இருக்கும் மெல்லிய சல்லடையைப் பாருங்கள், கறுப்புத் தூள் அடைத்திருக்கும். மல்டிமீட்டரில் ஆன்–ஆஃப் வகை சோலனாய்டு 12 முதல் 25 ஓம்ஸ் காட்ட வேண்டும். அழுத்தம் கட்டுப்படுத்தும் வகை 5 ஓம்ஸை ஒட்டி இருக்கும். இவையும் சரியென்றால் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் அழுத்தத் துளையில் கேஜ் மாட்டி, மூன்றாம் கியரின் அழுத்தத்தைக் கையேட்டு எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அழுத்தம் முழுசாக இருந்தும் உறுமினால் தட்டு தேய்ந்துவிட்டது. அழுத்தமே குறைந்தால் உள்ளே சீல் விட்டுவிட்டது. இரண்டிலும் பாக்ஸை இறக்குவதுதான் வழி. அப்போது மெக்கானிக்கிடம் தாராளமாகச் சரி என்று சொல்லலாம்.

அதுவரை மேம்பாலத்தில் உறுமினால் ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிக்காதீர்கள். காலைத் தளர்த்துங்கள், கியர் பிடித்த பிறகு மிதியுங்கள். ஒவ்வொரு உறுமலும் தட்டில் ஒரு பூச்சை எரிக்கிறது.

‘ஒரு லட்சம் தாண்டிய வண்டியில் பழைய ஆயிலைத் தொடாதே, தொட்டால் பாக்ஸ் போய்விடும்’ என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்தால் சுத்தமாகிவிடும் என்கிறது இன்னொரு பட்டறை. யாரை நம்புவது? ஸ்லிப் நிற்கும் என்று விற்கிற குட்டி பாட்டில் மருந்துகள் உதவுமா? – வாசகர், கொளத்தூர்

பயத்துக்கு ஒரு அடிப்படை உண்டு. தட்டுகள் ஏற்கெனவே எரிந்த பாக்ஸில், பழைய ஆயிலில் மிதக்கும் உராய்வுத் தூள்தான் கொஞ்சமாவது பிடிமானம் கொடுத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அதைக் கழுவிவிட்டால் மறுநாளே ஸ்லிப் ஆகும். பழி ஆயில் மேல் விழும். உண்மையில் பாக்ஸ் முன்பே முடிந்துபோனது. எனவே மாற்றும் முன் துணிச் சோதனையும் வாடையும் பார்த்துவிடுங்கள். தீய்ந்த வாடை இல்லை, வண்டி நன்றாக இழுக்கிறது என்றால் மாற்றாமல் விடுவதுதான் ஆபத்து.

மெஷின் ஃப்ளஷ் பழைய பாக்ஸுக்கு வேண்டாம். அழுத்தத்தோடு தள்ளும்போது மூலைகளில் படிந்திருந்த கசடு கிளம்பி, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடியின் சின்னஞ்சிறு வழிகளில் போய் அடைக்கும். வடித்து ஊற்றுவதையே மூன்று முறை செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 500 முதல் 1,000 கி.மீ. ஓட்டுங்கள். கணக்கு இதோ: மேலே சொன்ன சிவிக்கில் மொத்தம் ஏறத்தாழ 6 லிட்டர், ஒரு தடவை வடிவது 2.4. மீதி, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் உள்வழிகளிலும் தங்கிவிடும். முதல் முறைக்குப் பிறகு 60 சதவீதம் பழையது மிச்சம், இரண்டாவதற்குப் பிறகு 36, மூன்றாவதற்குப் பிறகு 22. நான்காவது முறைக்குச் செலவழிப்பதைவிட, அந்தப் பணத்தை 40,000 கி.மீ. கழித்து வரும் அடுத்த மாற்றத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லிப் நிற்கும் என்று விற்கிற குட்டி பாட்டில் மருந்துகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். விறைத்த சீலைச் சிறிது உப்பவைக்கும் வகை சில மாதம் தாக்குப்பிடிக்கலாம். எரிந்த தட்டுக்கு மருந்தே கிடையாது.

ஹூண்டாய் ஐ10 ஆட்டோமேட்டிக், 2010 மாடல். வெயிலில் டிராஃபிக்கில் நின்று நின்று போனால் திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொள்கிறது. கிளம்பவே முனகுகிறது. ஓரம்கட்டி அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. – வாசகி, திருவொற்றியூர்

அணைத்துப் போட்டால் சரியாகிற கோளாறு பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. தேய்ந்த தட்டு சாவியைத் திருப்பினால் வளராது, அம்மா. உங்கள் வண்டியில் நடப்பது இதுதான்: கியர்பாக்ஸ் கணினிக்கு ஏதோ ஒரு சென்சாரின் தகவல் பொருந்தாமல் போகிறது, பாக்ஸைக் காப்பாற்ற அது மூன்றாம் கியரிலேயே பூட்டிக்கொள்கிறது. மூன்றில் கிளம்பச் சொன்னால் முனகத்தான் செய்யும்.

ஸ்கேனர் வைக்கும்போது இன்ஜின் கணினியை மட்டும் படித்துவிட்டு பி0700 என்று காட்டுவார்கள். அதற்கு அர்த்தம், கியர்பாக்ஸ் கணினியில் கோளாறு பதிந்திருக்கிறது என்பது மட்டும்தான். கியர்பாக்ஸ் கணினிக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0715 வந்தால் உள்ளே வரும் வேகத்தைப் பார்க்கும் சென்சார், பி0720 என்றால் வெளியேறும் வேகத்தைப் பார்க்கும் சென்சார், பி0705 என்றால் பி–ஆர்–என்–டி (பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ்) நிலையைச் சொல்லும் ஸ்விட்ச், பி0750 முதல் 0770 வரை என்றால் சோலனாய்டுகள் பக்கம் பார்க்க வேண்டும்.

கோடு வந்த உடனே அந்தப் பாகத்தை வாங்க ஓடாதீர்கள். திருவொற்றியூரில் நிற்கும் வண்டியில் முதலில் கழற்ற வேண்டியது அந்தப் பாகத்தின் ஒயர் கனெக்டரை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, கனெக்டரைப் பிரித்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பின்களின் அடியில் பாசி நிறத்தில் மாவு பூத்திருந்தால் அது உப்பின் வேலை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த பின் மெல்லிசாக டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) பூசி மூடுங்கள். பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றிப் பளபளக்கத் தேயுங்கள். பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், இன்ஜின் ஓடும்போது 13.5-க்கும் 14.5-க்கும் நடுவிலும் இருக்க வேண்டும்.

சூட்டில் மட்டும் வருவதால் சோலனாய்டுகளையும் சூடாக இருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். இந்த வகையில் ஆறிய நிலையில் 2.7 முதல் 3.4 ஓம்ஸ் இருக்கும்; சூட்டில் எல்லாமே சேர்ந்து சற்று ஏறும். நான்கில் ஒன்று மட்டும் தாறுமாறாக ஏறினாலோ, அறுந்ததாகக் காட்டினாலோ அதுதான் குற்றவாளி. ஆயில் எஸ்பி-3 வகை மட்டும்.

டொயோட்டா கரோலா, 2006. வியாசர்பாடியில் மழைத் தண்ணீர் சீட் வரை ஏறி நின்றது. வடிந்த பிறகு டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் ரோஸ் மில்க் மாதிரி இருக்கிறது. ஸ்டார்ட் செய்யலாமா? – வாசகர், வியாசர்பாடி

வேண்டாம். நகர்த்தக்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். பாக்ஸின் மேலே இருக்கும் காற்றுக் குழாய் வழியாகவும் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தட்டுகளின் மேல் இருக்கும் உராய்வுப் பொருள் காகிதம் போன்றது, பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் அது ஊறி உரிய ஆரம்பிக்கும். ஓடாமல் நிற்கும் வரை தண்ணீர் பெரும்பாலும் அடியில் தங்கியிருக்கும்; ஸ்டார்ட் செய்தால் பம்ப் அதை எல்லா மூலைக்கும் அனுப்பிவிடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு பழைய கரண்டியில் சில சொட்டு ஆயிலை விட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, மெழுகுவத்தி மேல் காட்டுங்கள். கடுகு வெடிப்பது போலப் படபடத்தால் தண்ணீர் இருக்கிறது. படபடக்காமல் சூடாகிப் புகைந்தால் இல்லை.

வண்டியைத் தூக்கி வைத்து முழுதாக வடியுங்கள். அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்னரை (வடிகட்டி) மாற்றி, காந்தங்களைத் துடைத்து, தொட்டியைப் பெட்ரோலில் அல்லாமல் பிரேக் கிளீனரில் கழுவிக் காயவையுங்கள். டிப்ஸ்டிக்கிலேயே எந்த ஆயில் என்று பொறித்திருக்கும், அதையே ஊற்றுங்கள். இன்ஜினும் சரியாக வடித்துச் சுத்தம் செய்யப்பட்ட பிறகு, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, சக்கரம் தரையைத் தொடாமல் கியரை எல்லா நிலைக்கும் மெதுவாக மாற்றி, மறுபடி வடியுங்கள். ரோஸ் நிறம் முழுதாகப் போகும் வரை இதையே செய்ய வேண்டும். மூன்று நான்கு தடவை ஆகலாம். செலவுதான். பாக்ஸின் விலையை வைத்துப் பார்த்தால் சின்னச் செலவு. தண்ணீரோடு ஏற்கெனவே நாலு தெரு ஓட்டியிருந்தால் இந்த வைத்தியம் போதாது, பிரித்துத் தட்டு மாற்ற வேண்டிவரும்.

மழையே இல்லாமல் ஆயில் ரோஸ் மில்க் ஆகிறதென்று வேறொரு வாசகர் பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கிறார். அவருக்கும் இங்கேயே பதில்: ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் பாக்ஸுக்குள் போகிறது. ரேடியேட்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் ஒரே நாளில் திரும்பவும் ரோஸ் ஆகிவிடும்.

ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ் சிவிடி, 2006. சூடான பிறகு சிக்னலில் கிளம்பும்போது வண்டியே நடுங்குகிறது. 20 கி.மீ. வேகம் தாண்டினால் சரி. – வாசகர், தண்டையார்பேட்டை

உங்கள் வண்டியில் இருப்பது சிவிடி; படிப்படியான கியர்களும் இல்லை, டார்க் கன்வெர்ட்டரும் இல்லை. இரண்டு புல்லிகளுக்கு நடுவே இரும்பு பெல்ட், கிளம்புவதற்கென்று தனியாக ஒரு ஸ்டார்ட் கிளட்ச். நடுங்குவது அந்தக் கிளட்ச். என்-இல் வைத்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். இன்ஜின் சீராக ஏறினால் பிளக், காயில் மீது பழி இல்லை.

ஹோண்டாவின் சிவிடி ஆயிலை மாற்றுங்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை இதில் ஊற்றவே கூடாது. பெல்ட் புல்லியில் வழுக்கி, கோடு கோடாகக் கீறிவிடும். மாற்றிய பிறகு ஸ்டார்ட் கிளட்ச்சின் அளவைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்று சர்வீஸ் கையேட்டில் இருக்கிறது. பட்டறைகளில் பலர் அதைச் செய்யாமல் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். நடுக்கம் அப்படியே இருக்கும், ஆயில் மாற்றியும் பயனில்லை என்று ஆகிவிடும். கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகும் நடுங்கினால் ஸ்டார்ட் கிளட்ச் மாற்ற வேண்டியதுதான்.

60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது சாலையில் வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் போவது போல அதிர்கிறது. – வாசகர், புழல்

அந்த அதிர்வு இருக்கும்போதே, ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வண்டி வராத இடத்தில், இடது காலால் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் தொட்டதும் கணினி டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச்சை விட்டுவிடும். அதிர்வு சட்டென நின்றால் அந்தக் கிளட்ச்தான். ஆயிலை மாற்றினால் பல வண்டிகளில் சரியாகிறது. நிற்கவில்லை என்றால் பிளக், காயில், டயர் பக்கம் பாருங்கள்.

ஆர் போட்டால் அடியில் ‘டமார்’ என்று இடிக்கிறது. – வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பாக்ஸை விட்டுவிட்டு இன்ஜின் மவுண்டுகளை (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகள்) பாருங்கள். பானெட்டைத் திறந்து ஒருவர் தள்ளி நின்று பார்க்க, நீங்கள் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி டி, ஆர் என்று மாற்றுங்கள். இன்ஜின் ஒரு கை அளவுக்குத் தூக்கிப் போட்டால் மவுண்ட் கிழிந்திருக்கிறது. ஐடிலும் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் வேகம்) கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். 700-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 1,100-இல் நின்றால், நல்ல பாக்ஸும் இடிக்கும்.

பி-யிலிருந்து கியர் லிவர் அசையவே மாட்டேன் என்கிறது. – வாசகி, மணலி

பிரேக்கை மிதித்து, பின்னால் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லை என்றால் ஃப்யூஸ் அல்லது பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் ஸ்விட்ச் போயிருக்கிறது. பிரேக் மிதித்த தகவல் வராததால் லிவரின் பூட்டு திறக்கவில்லை, அவ்வளவே. அவசரத்துக்கு லிவரின் அருகே இருக்கும் சிறு மூடியைக் கிளப்பி, சாவியோ ஸ்க்ரூ டிரைவரோ செருகி அழுத்தினால் பூட்டு விடும். ஹேண்ட்பிரேக் போட்டுக்கொண்டு செய்யுங்கள். பிரேக் விளக்கு இல்லாமல் மணலி சாலையில் லாரிக்கு முன்னால் போகாதீர்கள். ஸ்விட்ச்சை மாற்றிவிட்டே எடுங்கள்.

பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? கயிறு கட்டி இழுக்கலாமா? – வாசகர், எண்ணூர்

இரண்டும் கூடாது. ஆயில் பம்ப்பைச் சுழற்றுவது இன்ஜின். இன்ஜின் ஓடாதபோது ஆயில் அழுத்தம் இல்லை, கிளட்ச் பிடிக்காது, தள்ளினாலும் இன்ஜின் சுற்றாது. சக்கரம் தரையில் உருள உருள உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் உரசும். முன்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் மேலே ஏற்றியோ கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பாக்ஸை இறக்குவது உறுதியாகிவிட்டது. பிரித்துத் தட்டு மாற்றுவதா, புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் வாங்கிப் போடுவதா? – வாசகர், மாதவரம்

உங்கள் பாக்ஸின் வெளிக்கூடும் பல்சக்கரங்களும் நன்றாக இருந்தால் பிரித்துச் செய்வதையே சொல்வோம். காரணம் எளிது: புதுப்பேட்டைப் பாக்ஸும் உங்களுடையதன் வயதுதான். அதன் சீல்களும் அதே அளவு விறைத்திருக்கும். காந்தத்தில் இரும்புச் சிம்பு நிறைய வந்த பாக்ஸாக இருந்தால் மட்டும் மாற்றுப் பாக்ஸ் லாபம்.

புதுப்பேட்டைக்குப் போவதாக இருந்தால் பாக்ஸின் மேல் அச்சிட்ட குறியீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதே மாடல் என்று கடைக்காரர் சொல்வது போதாது, எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடையிலேயே வடிகால் போல்ட்டைக் கழற்றச் சொல்லி காந்தத்தைப் பாருங்கள், மிச்ச ஆயிலை முகர்ந்து பாருங்கள். கூலர் துளைகள் மூடாமல் மழையில் கிடந்த பாக்ஸ் வேண்டாம். வண்டியில் ஏற்றும் முன்பே முன் சீலும் இரு பக்க ஆக்ஸில் சீலும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஏற்றிய பிறகு ஒழுகினால் மறுபடி இறக்குகூலி.

பிரித்துச் செய்வதென்றால் பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எரிந்த ஒரு கிளட்ச்சின் தட்டை மட்டும் மாற்றி மூடப்போகிறார்களா, ஓவர்ஹால் கிட்டின் எல்லா சீலும் மாறுகிறதா? எல்லாமே மாற வேண்டும். புது உராய்வுத் தட்டுகளைப் போடும் முன் அதே ஆயிலில் குறைந்தது அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். காய்ந்த தட்டு முதல் கியரிலேயே கருகும். டார்க் கன்வெர்ட்டருக்குள் எரிந்த தூள் நிறைந்திருக்கும். அதை வெட்டித் திறந்து சுத்தம் செய்து வெல்டு வைப்பவரிடம் கொடுக்கவோ மாற்றவோ வேண்டும். கூலரையும் குழாய்களையும் இரு திசையிலும் கழுவாமல் விட்டால், பழைய தூள் முதல் நாளே புதுத் தட்டுக்கு வந்து சேரும்.

பாக்ஸை ஏற்றும் நேரத்தில் முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். கன்வெர்ட்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, பாக்ஸின் ஷாஃப்டில் செருகி, கையால் சுழற்றிச் சுழற்றித் தள்ளும்போது அது ‘டக்’கென்று ஒரு படி உள்ளே போகும், பிறகு இன்னொரு படி, கடைசியாகப் பம்ப்பின் பல்லில் உட்காரும். அந்தக் கடைசிப் படி இறங்காமல் இன்ஜினோடு சேர்த்தால் பம்ப் உடையும். சரியாக உட்கார்ந்த பாக்ஸ், போல்ட் போடாமலே இன்ஜினோடு கையால் ஒட்டிக்கொள்ளும். இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நிற்கிறோம். டி-யிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு இருக்கலாமா, என்-க்கு மாற்ற வேண்டுமா? – வாசகர், கொருக்குப்பேட்டை

அரை நிமிட, ஒரு நிமிட சிக்னலில் டி-யிலேயே இருங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் என், டி என்று மாற்றினால் கிளட்ச் வீணாக விட்டு விட்டுப் பிடிக்கும். பத்து நிமிடக் கேட்டில் என்-க்கு மாற்றி ஹேண்ட்பிரேக் போடுங்கள். டி-யில் நின்றுகொண்டே இருந்தால் கன்வெர்ட்டர் ஆயிலைக் கடைந்து சூடாக்கிக்கொண்டிருக்கும், மே மாத வெயிலில் ரேடியேட்டருக்கு அது இரட்டைச் சுமை. பாலத்தில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று என்-இல் உருளவிட வேண்டாம். ஓடுகிற வேகத்தில் திரும்ப டி போடும் அதிர்ச்சி முழுதும் தட்டுகளுக்கு.

சரிவில் நிறுத்தும்போது வரிசை முக்கியம். பிரேக்கை மிதித்தபடி என்-க்கு வாருங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், காலை பிரேக்கிலிருந்து எடுத்து வண்டி நிலைத்து உட்காரவிடுங்கள், பிரேக்கை மறுபடி மிதித்து பி போடுங்கள். இப்படிச் செய்தால் வண்டியின் பாரம் பாக்ஸுக்குள் இருக்கும் சிறு கொக்கியில் தொங்காது. காலையில் பி-யிலிருந்து எடுக்கும்போது வருகிற ‘டணார்’ சத்தமும் வராது.